ஜோர்கென்சனுக்கு எத்தனை மார்க்?

நேற்று ஓர் ஆய்வு மாணவர் தன் வழிகாட்டியைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். இத்தனை கட்டுரைகள், இத்தனை மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் (கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து அளக்கும் ஓர் எண்) இவ்வளவு. நல்ல விஷயம்தான். எனக்கு மட்டும் ஏனோ ஜோர்கென்சன் ஞாபகம் வந்தார்.

கனிம வேதியியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் மங்கலாக நினைவிருக்கும். அணைவுச் சேர்மங்கள் (ஓர் உலோகத்தோடு அம்மோனியா போன்ற மூலக்கூறுகள் இணைந்தவை) பாடத்தில் வெர்னர் கொள்கை பத்து மார்க். அதற்கு முன்னால் அரைப் பக்கத்துக்கு ஜோர்கென்சனின் சங்கிலிக் கொள்கை, கூடவே அதன் குறைபாடுகள். நானும் பரீட்சையில் அந்தக் குறைபாடுகளை மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கியவன்தான். பாவம், யாரோ ஏமாந்த மனிதர் என்று நினைத்திருந்தேன்.

சோஃபுஸ் ஜோர்கென்சன் டென்மார்க்காரர், 1837இல் பிறந்தவர். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு கோபால்ட், குரோமியம், பிளாட்டினம் உப்புகளை வருடக்கணக்கில் தயாரித்தார், பகுத்தார், மறுபடி தயாரித்தார். அணுக்களின் அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே படிகவியல் இல்லாத காலம். கையில் இருந்தவை தராசு, சில்வர் நைட்ரேட், பொறுமை.

ஒரு கோபால்ட், மூன்று குளோரின். கூட ஆறு அம்மோனியா இருந்தால் மஞ்சள் உப்பு, சில்வர் நைட்ரேட் சேர்த்தால் மூன்று குளோரினும் கழன்று வீழ்படிவாக அடியில் விழும். ஐந்து இருந்தால் இரண்டுதான் விழும். நான்கு என்றால் ஒன்று. ஏன்? ஸ்வீடன்காரர் புளோம்ஸ்ட்ராண்ட் 1869இல் சொன்னதை ஜோர்கென்சன் விரித்தார்: அம்மோனியாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல் கோத்திருக்கின்றன, சங்கிலி நுனியில் தொங்கும் குளோரின் சுலபமாகக் கழன்றுவிடும், உலோகத்தோடு நேராக ஒட்டியது கழலாது. கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா?

அப்புறம் 1893இல் சூரிச்சிலிருந்து 26 வயது ஆல்ஃபிரெட் வெர்னர் வருகிறார். கரிம வேதியியலில் பட்டம் பெற்றவர், இந்த உப்புகளில் அதுவரை சொந்தமாக ஒரு சோதனையும் செய்யாதவர். விடியற்காலை இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, விடை மனதில் நிற்க, அன்று மாலைக்குள் எழுதி முடித்தாராம். சங்கிலியெல்லாம் கிடையாது, உலோகத்தைச் சுற்றி எண்முகியாக (எட்டு முகங்கள் கொண்ட வடிவத்தின் ஆறு மூலைகளில்) ஆறு இடங்கள்; அந்த ஆறில் உட்கார்ந்த குளோரின் கழலாது, வெளியே இருப்பதுதான் விழும். அவ்வளவுதான். இதை நிறுவ எந்தத் தரவுகளை எடுத்தார்? பெரும்பாலும் ஜோர்கென்சனுடையதை!

எனக்கு மிகவும் பிடித்த இடம் இரிடியம் என்ற உலோகத்தின் உப்பு. அம்மோனியா மூன்றே இருந்தால் என்ன ஆகும்? சங்கிலிக் கொள்கைப்படி ஒரு குளோரின் விழ வேண்டும். வெர்னர் கணக்குப்படி மூன்று அம்மோனியாவும் மூன்று குளோரினுமே ஆறு இடங்களையும் நிரப்பிவிடும், ஒன்றும் விழக் கூடாது. அந்த இரிடியம் சேர்மத்தைத் தயாரித்துக் குளோரின் விழவில்லை என்று காட்டியவர் ஜோர்கென்சனேதான். தன் கொள்கைக்குத் தானே குழி தோண்டிய சோதனை. மூடி மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

சும்மா விட்டுக்கொடுத்தவரும் அல்லர். எண்முகி உண்மை என்றால், உள்ளே இருக்கும் இரண்டு குளோரின் அருகருகேயும் நிற்கலாம், எதிரெதிரேயும் நிற்கலாம்; ஆகவே நான்கு அம்மோனியா கோபால்ட் உப்பு பச்சையில் ஒன்று, ஊதாவில் ஒன்று என இரண்டு வகையில் இருக்க வேண்டுமே, ஊதா எங்கே என்று கேட்டார். அம்மோனியாவுக்குப் பதில் எத்திலீன்டைஅமீன் என்ற சேர்மத்தை வைத்து அப்படி ஒரு பச்சை–ஊதா ஜோடியை அவரே செய்திருந்தார், அம்மோனியாவில்தான் ஊதா அகப்படவில்லை. நியாயமான கேள்வி. வெர்னர் 14 வருடம் அந்தக் கேள்வியைச் சுமந்தார். 1907இல் ஊதா உப்பு கிடைத்தது. 70 வயதை எட்டியிருந்த ஜோர்கென்சன் உடனே தோல்வியை ஒப்புக்கொண்டார். வெர்னருக்கு 1913இல் நோபல் பரிசு. ஜோர்கென்சன் அடுத்த வருடம் இறந்துபோனார்.

இவருடைய ஆராய்ச்சி வாழ்க்கைக்கு இன்றைய தேர்வுக் குழு என்ன மதிப்பெண் போடும்? நான் ஒரு நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டுரைகளை எண்ணினார்கள், இதழ்களின் தாக்கக் காரணியை (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை) கூட்டினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கேள்விகூட வரவில்லை. ஜோர்கென்சனுக்கு மேற்கோள்கள் நிறையவே தேறும், அதில் பெரும்பங்கு அவரை மறுத்த வெர்னர் எழுதியதாக இருக்கும் என்பது வேறு விஷயம். என் புகார் வேறு. மற்றவன் தைரியமாகக் காலூன்றி நிற்கும் அளவுக்குச் சுத்தமான ஒரு தரவுக்கு நம் படிவத்தில் கட்டமே கிடையாது. கொள்கை தவறானால் தரவும் குப்பை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டோம்.

இப்போது பாடம் எடுக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். குறைபாடுகள் பட்டியலுக்கு முன்னால் அந்த இரிடியம் உப்பை யார் தயாரித்தது என்று பிள்ளைகளிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.