கெட்டிஸ்பர்க் கல்லூரிக்குத் தோட்டாவின் பெயர் வேண்டாம்

போன கோடையில் பென்சில்வேனியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது கெட்டிஸ்பர்க்கையும் பார்த்துவிட்டு வந்தோம். வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெரிய சண்டை நடந்த ஊர் அது. அக்கா மகன் அடுத்த வருடம் கல்லூரியில் சேரப்போகிறவன். அதனால் போர்க்களத்தோடு அந்த ஊர்க் கல்லூரியையும் ஒரு சுற்றுச் சுற்றினோம். அதன் விளையாட்டு அணிகளுக்குப் பெயர் ‘புல்லட்ஸ்’. அதாவது, தோட்டாக்கள். எனக்கு அன்றைக்கும் மனசு ஒப்பவில்லை, இன்றைக்கும் ஒப்பவில்லை.

காரணம், கல்லூரிக்குப் போகும் முன்புதான் ஜென்னி வேட் கதை நடந்த வீட்டுக்குள் நின்றிருந்தோம். செங்கல் வீடு, சின்னச் சமையலறை. ஜென்னிக்கு இருபது வயது. தன் அக்கா ஜார்ஜியாவுக்குக் குழந்தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்ததால் துணைக்கு வந்திருந்தார். 1863 ஜூலை 3 காலையில், சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, வடக்குப் படை வீரர்களுக்கு ரொட்டி சுட மாவு பிசைந்துகொண்டிருந்தார். எங்கிருந்தோ வந்த ஒரு தோட்டா இரண்டு கதவுகளைத் துளைத்து அவர் முதுகில் பாய்ந்தது. பிசைந்த மாவு கையில் ஒட்டியபடியே உயிர் போனது. அந்த மாவில்தான் அவருடைய அம்மா பிறகு ரொட்டி சுட்டுக் கொடுத்தாராம். கதவில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. ஒரு விரல் நுழையும் அளவு. மூன்று நாள் சண்டையில் நேரடியாகக் கொல்லப்பட்ட ஒரே ஊர்க்காரர் அவர்தான்.

அதைப் பார்த்துவிட்டு வந்த கண்ணோடு ‘புல்லட்ஸ்’ என்று படித்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

ஊரின் பெருமையைச் சொல்லும் பெயர்தானே என்கிறார்கள். சரி, ஊருக்கு எது பெருமை? அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் சுமார் 2,400 பேர். ஜூலை 1 முதல் 3 வரை இரு தரப்பிலும் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 50,000. படைகள் போய்விட்டன. காயம்பட்டவர்களோ ஆயிரக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். வீடு, தேவாலயம், களஞ்சியம் எல்லாமே ஆஸ்பத்திரி ஆனது. அப்போது பென்சில்வேனியா கல்லூரி என்று அழைக்கப்பட்ட இதே கல்லூரியும்தான். வெள்ளைத் தூண்களோடு நிற்கும் பென்சில்வேனியா ஹாலில் நூற்றுக்கணக்கான பேரைக் கிடத்தியிருந்தார்கள். பெரும்பாலும் தெற்குப் படைக்காரர்கள், அதாவது இந்த ஊருக்குள் புகுந்து சண்டை போட்டவர்கள். அந்தக் காலத்து மினியே தோட்டா மெத்தென்ற ஈயம். எலும்பில் பட்டால் எலும்பு நொறுங்கிவிடும். கையையோ காலையோ வெட்டி எடுப்பதுதான் வைத்தியம். அதைப் பாடம் படிக்கும் கட்டடத்துக்குள்ளேயே செய்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். தோட்டா துளைத்தவர்களைத் தூக்கிவந்து படுக்கவைத்த இடம் இது. அதன் பிள்ளைகள் தோட்டாவின் பெயரில் ஓடி விளையாடுவது எனக்குப் பொருந்தவே இல்லை.

இதே கல்லூரி மாணவர்கள் சிலர், சண்டைக்குச் சில நாட்கள் முன்பு, அவசரமாகத் திரட்டிய 26ஆவது பென்சில்வேனியா படைப்பிரிவில் சேர்ந்து ஜூன் 26 அன்று ஊருக்கு வெளியே எதிரியை மறித்தார்கள். அரைகுறைப் பயிற்சியோடு போன பையன்கள். அணிக்குப் போரின் நினைவு வேண்டுமென்றால் அவர்கள் இருக்கிறார்களே. எதற்காக ஆளை விட்டுவிட்டு ஆயுதத்தைப் பிடிக்க வேண்டும்?

‘தோட்டா என்றால் வேகம், அவ்வளவுதான்’ என்றான் அக்கா மகன். வேறு ஊரில் அப்படிச் சொல்லலாம். அந்த வேறு ஊரிலேயே நிற்கவில்லையே. வாஷிங்டன் கூடைப்பந்து அணிக்கும் ‘புல்லட்ஸ்’ என்றுதான் பெயர். துப்பாக்கி வன்முறையை நினைவுபடுத்துகிறது என்று அதன் உரிமையாளர் ஏப் போலின் 1997இல் ‘விசார்ட்ஸ்’ என்று மாற்றினார். அவருடைய நண்பர், இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ராபின் 1995இல் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

பல தலைமுறை மாணவர்கள் அந்தப் பெயரைக் கத்தி, அந்தச் சட்டையைப் போட்டு வளர்ந்திருக்கிறார்கள். அந்தப் பாசம் எனக்குப் புரியாமல் இல்லை. மாற்றச் சொன்னால் அவர்களுக்கு வலிக்கும்தான். ஆனாலும் மாற்றத்தான் வேண்டும் என்பேன்.

1863 நவம்பர் 19 அன்று லிங்கன் அந்த ஊர் மயானத்தில் பேசியது சுமார் 270 சொற்கள். அதற்குள் செத்தவர்கள் இருக்கிறார்கள், உயிரோடு இருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. துப்பாக்கி இல்லை, தோட்டா இல்லை, எதிரியின் பெயர்கூட இல்லை.

அக்கா மகன் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறான். இடம் கிடைத்தால் முதல் வேலையாக மாணவர் பத்திரிகைக்கு இதை எழுதச் சொல்லியிருக்கிறேன்.