அஞ்சு பேர் சேர்ந்தாதான் பாட்டிலை உடைப்பாங்களாம்

மூணு வாரம் ஆச்சு. இன்னும் ஆத்திரம் அடங்கல. எழுதித்தான் தீர்க்கணும்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணரை மணி. கடைக்கு மிட்டாய் வாங்கப் போன என் சின்னவனை, ஆறு வயசு, கெண்டைக்கால்ல நாய் பிடிச்சிருச்சு. ரெண்டு பல்லு நல்லா இறங்கி ரத்தம் ஒழுகுது. எங்க மாமியார் சுண்ணாம்பும் மிளகாப்பொடியும் எடுத்துட்டு ஓடி வர்றாங்க. அவங்களைத் தடுத்து, அடிபம்புக்குக் கீழ காலை நீட்டி, சோப்புப் போட்டு கால் மணி நேரம் கழுவினேன். அதுதான் முதல் வைத்தியம்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன புண்ணியம்?

ஆரம்ப சுகாதார நிலையம் நாலு கிலோமீட்டர். போனா, டியூட்டியில ஒரே ஒரு நர்சம்மா. உள்ள ஒரு பிரசவம் வேற. அவங்களை நான் திட்டல, அவங்களுக்கும் ரெண்டு கைதான். ஆனா அவங்க சொன்ன பதிலைக் கேளுங்க. "ஊசி இருக்கும்மா. ஒருத்தனுக்காக பாட்டிலை உடைக்க முடியாது. காலையில ஓபிக்கு வாங்க, நாலஞ்சு பேர் சேர்ந்துருவாங்க."

சேர்ந்துருவாங்களாம்! ஷேர் ஆட்டோவா இது, ஆள் நிறைஞ்சாத்தான் வண்டி எடுப்பேன்னு சொல்றதுக்கு?

விஷயம் என்னன்னா, இந்த ஊசியைத் தோல்லயே கொஞ்சமா போடுறாங்க. ஒரு பாட்டில் மருந்தைப் பல பேருக்குப் பிரிச்சுப் போடலாம். உடைச்சா அன்னிக்கே தீர்த்துரணும், இல்லன்னா கீழ ஊத்தணும். மருந்தை மிச்சம் பிடிக்க நல்ல வழிதான், நான் குறை சொல்லல. ஆனா மிச்சம் பிடிக்கிறது மருந்தையா, என் பிள்ளையையா? ரேபிஸ் அறிகுறி வெளிய வந்துட்டா அப்புறம் ஆளைக் காப்பாத்துறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். 2024ல மட்டும் தமிழ்நாட்டுல நாய்க்கடி 4 லட்சத்து 80 ஆயிரம், ரேபிஸ்ல செத்தவங்க 43 பேர். இதெல்லாம் அரசாங்கமே சொன்ன கணக்கு.

அதோட முடிஞ்சுதா? ரத்தம் வந்த கடின்னா தடுப்பூசி மட்டும் போதாது. அந்த ஊசி உடம்புல வேலை செய்ய ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். அது வரைக்கும் தாக்குப்பிடிக்க, காயத்துலயே போடுற சீரம் ஒண்ணு இருக்கு. "அது இங்க கிடையாது, தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போங்க." பஸ் எங்களுக்கு ஃப்ரீதான், மறுக்கல. ஆனா பஸ்ஸே வரலன்னா ஃப்ரீயை வச்சு என்ன பண்றது? ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய். அங்க ஊசி போட்டாங்க, டெட்டனஸுக்கு டிடி ஊசியும் போட்டாங்க. சீரம்? "ஸ்டாக் முடிஞ்சிருச்சு, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்குப் போங்க." இதை முதல் ஆஸ்பத்திரியிலயே ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்லியிருந்தா நேரா அங்கயே போயிருப்பேனே!

போய்ச் சேர ராத்திரி பத்தரை. அங்க இருந்த சின்ன வயசு டாக்டரம்மா மட்டும்தான் அன்னிக்கு எங்கிட்ட 'போங்க'ன்னு சொல்லல. பையனை எடை பார்த்து, எடைக்குத் தகுந்த மாதிரி மருந்தை எடுத்து, பல்லு பட்ட குழியிலயே சுத்திச் சுத்திப் போட்டாங்க. அவன் அலறின அலறல் இன்னும் என் காதுல இருக்கு. நான் அவன் காலைப் பிடிச்சிருந்தேன். பையனோட அப்பா திருப்பூர்ல இருந்து வீடியோ கால்ல அழுதுட்டிருந்தார்.

எங்க மாமியாருக்குச் சின்ன வயசுல தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போட்டாங்களாம். இப்ப நாலே தவணைன்னு ஆயிருச்சு. நாய்க்கடிக்கு மருந்து பண்ணன்னே நம்ம குன்னூர்ல 1907லயே பாஸ்டர் நிறுவனம் வந்தாச்சு. மலையில இருந்து இறங்கி எங்க ஊருக்கு வர மட்டும் மருந்துக்கு இன்னும் வழி தெரியல போல.

டிவியில பாருங்க, நாயைப் பிடிக்கலாமா கூடாதான்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் சண்டை. நாய்ப் பிரியர் ஒரு பக்கம், எதிர்ப்பாளர் ஒரு பக்கம். கடிபட்டவனுக்கு ராத்திரி எட்டு மணிக்குச் சீரம் எங்க கிடைக்கும்னு ஒருத்தராவது பேசுறாங்களா? ரேஷன் கடையில பருப்பு எவ்வளவு, பாமாயில் எவ்வளவுன்னு வாசல்லயே பலகையில எழுதிப் போடுறாங்க. போன்லயே பார்க்கலாம். ஆஸ்பத்திரி வாசல்ல தலைவர்கள் சிரிக்கிற போர்டு இருக்கு, நாய்க்கடி ஊசி இருக்கா, சீரம் இருக்கா, பாம்புக்கடி மருந்து இருக்கான்னு எழுத ஒரு சாக்பீஸுக்கா பஞ்சம்?

இப்பதான் உச்சக்கட்டம். அட்டவணைப்படி முதல் நாள் கழிச்சு 3, 7, 28ஆம் நாள் ஊசி. மூணாம் நாள் புதன்கிழமை பக்கத்து சுகாதார நிலையத்துக்குப் போனா, "முதல் ஊசி எங்க போட்டீங்களோ அங்கயே போங்க." சண்டை போட்டுத்தான் போட்டுக்கிட்டு வந்தேன். ஏழாம் நாள்? ஞாயித்துக்கிழமை! ஞாயித்துக்கிழமை கடிச்சா ஏழும் ஞாயிறுதான், இருபத்தெட்டும் ஞாயிறுதான். கடிக்கிற நாய் காலண்டர் பார்த்துத் திங்கட்கிழமையா கடிக்கணும் போல. அன்னிக்கும் "ஆள் சேரட்டும்" பாட்டுதான். நல்லவேளை, பக்கத்து ஊர்ல அதே நாயோ வேற நாயோ மூணு பேரைக் கடிச்சிருந்துச்சு. நல்லவேளைன்னு எழுதுறேன் பாருங்க, அந்த நிலைமைக்குக் கொண்டு வந்து விட்டுட்டாங்க.

28ஆம் நாள் வர்ற ஞாயிறு. காலண்டர்ல சிவப்பு பேனாவால வட்டம் போட்டு வச்சிருக்கேன். நேத்து சின்னவன் அதைப் பார்த்துட்டுக் கேக்குறான்: "அம்மா, அன்னிக்கு அஞ்சு பேர் வருவாங்களா?"