விவேக்கை மரக்கன்றோடு நிறுத்திவிடாதீர்கள்

நடிகர் விவேக்கின் நினைவு நாளான ஏப்ரல் 17 வந்தால் போதும், டைம்லைன் முழுக்க மரக்கன்றுகள்தான். விவேக் சிரிக்கிற ஒரு பிளெக்ஸ், அதற்குக் கீழே ஆளுக்கொரு கை வைத்து ஒரே கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கூட்டம், குழி வெட்டின ஈரம் காய்வதற்குள் போட்டோ. நடுகிறவர்களின் அன்பில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை, சொந்தக் காசு போட்டுத்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டு விஷயம் ரொம்ப நாளாக மனசில் கிடந்து உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன்.

முதல் விஷயம் சின்னது. ஏப்ரல் நம்ம ஊரில் கன்று நடுகிற மாதமே இல்லை. நட்ட மூன்றாவது வாரம் கத்திரி வெயில் ஆரம்பித்துவிடும். தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் சரி, இல்லையென்றால் மே கடைசியில் அங்கே ஒரு காய்ந்த குச்சியும் அதைச் சுற்றின கம்பி வலையும்தான் மிஞ்சும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வலை இருக்கிறது, அதில் இப்போது டீக்கடை பேப்பர் கப்தான் நிரம்பிக் கிடக்கிறது. அப்துல் கலாம் ஐயா சொன்னார் என்பதற்காக ஒரு கோடி மரம் என்று இலக்கு வைத்துக்கொண்டு, பள்ளி பள்ளியாக, கல்லூரி கல்லூரியாக அலைந்து 30 லட்சத்துக்கும் மேல் நட வைத்த மனிதர் அவர். அவர் பெயரால் நடுகிற கன்று பிழைக்க வேண்டாமா? அவர் பிறந்த நாள் நவம்பர் 19, வடகிழக்குப் பருவமழை சரியாக இருக்கிற நேரம். அன்றைக்கு நடுங்கள், பாதி வேலையை மழையே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பெரிசு. மரம், கலாம், சமூக அக்கறை என்று பேசிப் பேசி, அந்த மனிதர் ஒரு மகா நடிகர் என்பதையே மறந்துகொண்டிருக்கிறோம். இரங்கல் பதிவுகளை வாசித்தால் யாரோ ஒரு சமூக சேவகர் பகுதி நேரமாகச் சினிமாவில் நடித்ததுபோல இருக்கிறது. உண்மை தலைகீழ். தலைமைச் செயலகத்து வேலையில் இருந்துகொண்டே மெட்ராஸ் ஹியூமர் கிளப் மேடையில் சிரிக்கவைத்து, 1987-இல் மனதில் உறுதி வேண்டும் படத்தில் பாலசந்தர் கையால் அறிமுகமாகி, கூட்டத்தில் ஒருவராக வருஷக்கணக்கில் நின்று மேலே வந்தவர். புதுப்புது அர்த்தங்கள் படத்தில் சாவைப் பற்றி அவர் சொன்ன அந்த ஒற்றை வரியை ஜனங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கப்புறமும் பத்து வருஷம் கிட்ட அவர் காத்திருக்கவேண்டி இருந்தது. சினிமாவில் ஜெயித்து ஜனங்கள் மனசில் இடம் பிடித்ததால்தான் அவர் சொன்னதும் மாணவர்கள் கடப்பாரையை எடுத்தார்கள்.

‘வடிவேலு அளவுக்கு விவேக் நிற்கவில்லை, மீம்ஸில் பாருங்கள்’ என்று ஒரு வாதம் ஓடுகிறது. வடிவேலு பெரிய கலைஞர், அதில் எனக்கு மறுப்பே கிடையாது, இரண்டு பேரும் சேர்ந்து வந்த மனதைத் திருடிவிட்டாய் எனக்கு ரொம்பப் பிடித்த படம். ஆனால் மீம் என்பது ஒரு நின்றுபோன முகம். வடிவேலுவின் முகத்தை எந்த நொடியில் நிறுத்தினாலும் அதில் ஒரு கதை இருக்கும். விவேக் இருப்பது குரலில், மூச்சில், வேகத்தில். அவர் காட்சியை நிறுத்தினால் அவரே நின்றுவிடுவார். அந்த எலுமிச்சம்பழக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். வண்டி ஓட எலுமிச்சம்பழம் எதற்கடா என்று திட்டுகிறார், ஆனால் அது மேடைப் பேச்சாக இல்லை. ஆற்றாமையில் குரல் மேலே மேலே ஏறி, மூச்சு முட்டி, கடைசி வார்த்தையில் தொண்டை கிட்டத்தட்ட உடைகிறது. நாம் சிரிப்பது அந்த உடைகிற இடத்தில்தான். கருத்து சொல்கிறார், கருத்து சொல்கிறார் என்று அவர் இருந்த காலத்தில் எத்தனை பேர் சலித்துக்கொண்டோம்! வெறும் கருத்தாக இருந்திருந்தால் சின்னக் கலைவாணர் என்கிற பட்டம் ஒட்டியிருக்காது.

ரன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் காக்கா பிரியாணி மட்டும்தான் ஞாபகம். சென்னையை நம்பி வந்த ஒருத்தன், ஒவ்வொருத்தரிடமும் ஏமாந்து, ஒவ்வொன்றாக இழந்துகொண்டே போகிறான், அதுதான் அந்த டிராக். முதல் காட்சியில் இருக்கிற மிதப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, கடைசியில் நிஜமாகவே பயந்த மனிதனின் கண் அது. சிரிப்பை எடுத்துவிட்டால் அது முழுக்க அழுகைக் கதை. அதே ஆள் அடுத்த வருஷம் சாமியில் வெங்கட்ராமனாக வந்து வேறு பாஷை, வேறு உடம்பு, வேறு நடை. படிக்காதவன் அசால்ட் ஆறுமுகம் இன்னொரு தினுசு.

அவர் செய்த எல்லாமே சரி என்று சொல்லவரவில்லை. ஒருவருடைய உருவத்தை வைத்தும் நிறத்தை வைத்தும் அவர் படங்களில் வந்த சில ஜோக்குகளை இன்றைக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. இதைச் சொன்னால் ரசிகர்கள் சிலர் அடிக்க வருகிறார்கள். அவர் மேல் உள்ள மரியாதையில்தான் இதையும் சொல்கிறேன்.

2015 அவருக்கு எப்படிப்பட்ட வருஷம் என்று எல்லாருக்கும் தெரியும். ஜூலையில் கலாம் போனார், அதே வருஷம் பெற்ற மகனையும் பறிகொடுத்தார். அதற்குப் பிறகு வந்த விவேக்கின் முகத்தை யாரும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் தீராத வருத்தம். 2019-இல் வெள்ளைப் பூக்கள் வந்தது. சியாட்டிலில் மகனோடு தங்கப் போன ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. பக்கத்தில் சார்லி கலகலப்பாகப் பேசிக்கொண்டிருக்க, இவர் அடங்கி, யோசனையாக, ஒரு வார்த்தை கூடப் பேசாமல் காட்சியைத் தூக்கி நிறுத்துகிறார். அவ்வளவு பேசின மனிதருக்குச் சும்மா இருக்கவும் தெரிந்திருந்தது! தியேட்டரில் எத்தனை பேர் பார்த்தோம்? பாலசந்தர் பட்டறை ஆள், கமலோடு முதன்முதலாக நடித்தது இந்தியன் 2-இல். அது 2024-இல் திரைக்கு வந்தபோது அவர் இல்லை, குரலும் அவருடையது இல்லை. குரல்தான் அவர் என்று மேலே சொன்னேனே, அதனால் என்னால் அந்தக் காட்சிகளில் ஒட்டவே முடியவில்லை.

இன்னொன்று, கோபத்தோடுதான் சொல்கிறேன். சாவதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் போய்க் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டது, ஜனங்களுக்குப் பயம் போகட்டும் என்று. 59 வயதில் மாரடைப்பில் போனார். விசாரித்த நிபுணர் குழு, தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டது. இன்னமும் வருஷா வருஷம் நினைவு நாளில் ‘தடுப்பூசியால்தான் போனார்’ என்கிற வதந்தியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், வாழ்நாள் முழுக்க மூடநம்பிக்கைக்கு எதிராகப் பேசின ஒரு மனிதரின் பெயரில் அதைச் செய்கிறோம் என்று யோசிக்கவேண்டும்.

நான் கேட்பது இதுதான். மரத்தை நவம்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 17 அன்றைக்கு அவர் படம் ஒன்றைப் போட்டு வீட்டோடு உட்கார்ந்து பாருங்கள், யூடியூப் துணுக்கு வேண்டாம், முழுப் படம். வெள்ளைப் பூக்கள் பார்க்காதவர்கள் அதில் தொடங்கலாம். பார்த்தவர்கள், விவேக் நடிப்பில் உங்களுக்குப் பிடித்த ஒரு காட்சியைக் கமெண்டில் எழுதுங்கள், வசனத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் அதில் அவர் என்ன செய்தார் என்றும் எழுதுங்கள்.