"மத்ததெல்லாம் டைம் வேஸ்ட்" என்று சொன்னவர்களுக்கு

நம் வாட்ஸ்அப் குழுவில் நேற்று இரவு நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியும். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. "ஓட்டுச்சீட்டுல மேல இருக்கிற பெரிய பதவிக்கு ஓட்டுப் போடுங்க, மத்ததெல்லாம் டைம் வேஸ்ட், வேணும்னா இந்த லிஸ்ட்டைப் பார்த்து அப்படியே குறிச்சுடுங்க" என்று ஒரு செய்தி. அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். ஏன் என்று கேட்ட எனக்கு, "வகுப்பெடுக்காதீங்க" என்று பதில். இன்னும் ஆறவில்லை.

கலிஃபோர்னியாவில் நம் அன்றாடத்தைத் தீர்மானிப்பது அந்த 'மற்றதெல்லாம்'தான்.

நம் ஊரில் ஒரு பொத்தானை அழுத்தி எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்தால் போதும். யார் எந்தத் துறை என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இங்கே அப்படி இல்லை. ஆளுநர், துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல், பொருளாளர், காப்பீட்டு ஆணையர் என்று ஒவ்வொருவரையும் நாம்தான் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறோம்.

காப்பீட்டு ஆணையரா, அவர் யார் என்று கேட்பவர்களுக்கு என் கதை. எங்கள் வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்க முடியாது என்று கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு க்ளெய்ம்கூடப் போட்டதில்லை. காட்டுத்தீ ஆபத்து என்றார்கள். வேறு கம்பெனி தேடி நானும் என் மனைவியும் அலைந்த அலைச்சல் எங்களுக்குத்தான் தெரியும். அப்போது இதே குழுவில் எத்தனை புலம்பல்! பாதிப் பேருக்கு அதே கடிதம் வந்திருந்தது. வீட்டுக் காப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்த அந்த ஆணையரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். 1988இல் ப்ராப் 103 என்ற தீர்மானத்தை மக்களே வாக்களித்து நிறைவேற்றியதால் வந்த விதி அது. ஆணையரை மக்களே தேர்ந்தெடுப்பதும் அதே தீர்மானத்தால்தான். 2022இல் அந்த வரியில் யாருக்குக் குறித்தீர்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் நினைவில்லை.

சட்டமன்றமும் அப்படித்தான். 2019இல் செயலிக் கம்பெனிகளின் ஓட்டுநர்களை ஊழியர்களாக நடத்தச் சொல்லும் சட்டத்தைச் சட்டமன்றம் போட்டது. ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் எல்லாம் சேர்ந்து 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி, அந்தச் சட்டத்திலிருந்து தங்களுக்கு விலக்குத் தரும் ப்ராப் 22 என்ற தீர்மானத்தை 2020இல் மக்கள் வாக்குக்குக் கொண்டுவந்து ஜெயித்தார்கள். இனி அதைச் சட்டமன்றம் திருத்த வேண்டுமென்றால் எட்டில் ஏழு பங்கு ஆதரவு வேண்டும் என்பதையும் அதற்குள்ளேயே எழுதி வைத்தார்கள். நம் வாக்குக்காக அவ்வளவு பணம் கொட்ட ஆளிருக்கிறது. நமக்கு அது டைம் வேஸ்டா?

"இது டெமாக்ரட் ஸ்டேட், எப்படிப் போட்டாலும் ஒண்ணுதான்" என்பார்கள். ஜனாதிபதி தேர்தலுக்குச் சரி. பைடன் இங்கே 63 சதவீதம் வாங்கிய அதே 2020இல், அரசு வேலையிலும் கல்லூரி அனுமதியிலும் இனம், பாலினத்தைக் கணக்கில் எடுக்க வழிவிடும், டெமாக்ரட் கட்சி ஆதரித்த ப்ராப் 16 தோற்றது. 2024இல் சில திருட்டு, போதைப்பொருள் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும், ஆளுநர் நியூசம் எதிர்த்த ப்ராப் 36 மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாங்கி ஜெயித்தது. கட்சியைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. படித்துத்தான் ஆக வேண்டும்.

"என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?" கமலா ஹாரிஸ் துணை ஜனாதிபதி ஆனபோது அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்துக் கோலப் படங்களைப் போட்டுக் கொண்டாடினோமே, அவர் 2010இல் அட்டர்னி ஜெனரலாக ஜெயித்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். முடிவு தெரிய வாரக்கணக்கில் ஆனது. அவரை மாநில அளவுக்குக் கொண்டுவந்ததே நீங்கள் வெறுமையாக விடச் சொல்லும் வரிசைதான்.

நேரமில்லை என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். வாக்குச்சீட்டு வீட்டுக்கே வருகிறது. ஏறக்குறைய ஒரு மாதம் மேசையில் கிடக்கிறது. கையேடும் வருகிறது, ஆதரவு வாதமும் எதிர் வாதமும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு. மொழி கடினம் என்பது உண்மைதான். ஆனால் பங்குச் சந்தை அறிக்கையும் விசா விதிகளும் எளிமையாகவா இருந்தன? தேவை என்றதும் உட்கார்ந்து படிக்கவில்லையா?

எனக்கு நிஜமாகவே வலிப்பது வேறு. என் நண்பர் ஒருவர் இன்னும் கிரீன் கார்டு வரிசையில்தான் நிற்கிறார். பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டார்கள். வரி கட்டுகிறார், ஓட்டு கிடையாது. தேர்தல் வந்தால் எங்கள் வீட்டுக்கு வந்து அந்தக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பார். 2024இல் ப்ராப் 6க்கு எதிராக யாருமே வாதம் எழுதித் தரவில்லை, ஆனாலும் அது தோற்றுவிட்டது என்று என்னிடம் சொன்னவர் அவர்தான். சிறைக் கைதிகளைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது என்று சொல்லும் தீர்மானம் அது. "இதை எப்படிங்க வேண்டாம்னு போட்டாங்க?" என்று கேட்டார். நம் ஆட்களில் எத்தனை பேர் அதைப் படிக்காமலே யாரோ அனுப்பிய பட்டியலைப் பார்த்துக் குறித்தார்களோ, என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குடியுரிமை கிடைத்த அன்று கையில் கொடி பிடித்துப் படம் போட்டவர்கள்தானே நாம்?

யாருக்குப் போட வேண்டும் என்று நான் எப்போதும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. வகுப்பெடுப்பதாகத் தோன்றினால் தோன்றட்டும். அடுத்த முறை சீட்டு வந்ததும் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். காபி போடுகிறோம், ஒவ்வொரு தீர்மானமாகச் சத்தமாகப் படிப்போம், சண்டையும் போடுவோம். அப்புறம் அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் விருப்பப்படி குறியுங்கள். வர முடிகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.