கோலோவ்கினைத் திட்டறதுக்கு ஹாக்லர் எதுக்கு?

குத்துச்சண்டையில மிடில்வெயிட், அதாவது 160 பவுண்டு எடைப் பிரிவுல, சாம்பியனா இருந்த கோலோவ்கின் பேரை எடுத்தாலே போதும், எண்பதுகள்ல அதே பிரிவு சாம்பியனா இருந்த ஹாக்லரை இழுத்துக்கிட்டு உடனே ஒருத்தர் வந்து நிப்பாரு. "ஹாக்லர்கிட்ட மாட்டியிருந்தா மூணே ரவுண்டுதான்!" எங்கேருந்துய்யா வருது இந்த மூணு ரவுண்டு? 1985 ஏப்ரல்ல லாஸ் வேகாஸ்ல ஹாக்லர் ஹெர்ன்ஸை மூணாவது ரவுண்டுல சாய்ச்சாரே, அந்த ஒரு சண்டை. அதையும் முழுசாப் பார்த்திருந்தா இப்படிப் பேச வாய் வராது. நெத்தி கிழிஞ்சு ஹாக்லர் மூஞ்சியெல்லாம் ரத்தம். மூணாவது ரவுண்டுல ரெஃப்ரி சண்டையை நிறுத்தி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாரு. டாக்டர் மட்டும் இனி சண்டை வேணாம்னு சொல்லியிருந்தா அன்னைக்குப் பட்டம் ஹெர்ன்ஸுக்கு. அந்தாளும் முதல் ரவுண்டுலயே வலது கையை உடைச்சுக்கிட்டு நின்னவரு.

ஹாக்லர்னா எனக்கு உசுரு. அதனாலதான் இவ்வளவு வயித்தெரிச்சல். 1983 நவம்பர்ல டுரானோட மோதினதை இவங்க வாயே திறக்க மாட்டாங்க. லைட்வெயிட்ங்கிற சின்ன எடைப் பிரிவுலேருந்து ஏறி வந்த மனுஷன் டுரான். 13 ரவுண்டு முடிஞ்சப்போ ரெண்டு நடுவர் கணக்குல அவர்தான் ஒரு பாயிண்ட் முன்னாடி, மூணாவது நடுவர்கிட்ட சமம். கடைசி ரெண்டு ரவுண்டை எடுத்துத்தான் ஹாக்லர் பட்டத்தைக் காப்பாத்தினாரு. அவரோட மகிமையே அதுதான்! ஆனா கோலோவ்கின் காலத்துல அந்த ரெண்டு ரவுண்டே கிடையாது, 12 ரவுண்டோட மணி அடிச்சிடும். அப்புறம் எப்படி ஒரே தராசுல வைப்பீங்க?

எடை விஷயம் இன்னும் மோசம். பழைய ஜாம்பவான் ராபின்சன் 1951ல லமோட்டாவை அடிச்சு மிடில்வெயிட் பட்டம் வாங்கினப்போ சண்டை அன்னைக்கே எடை பார்ப்பாங்க. இப்போ முந்தின நாளே பார்த்துடறாங்க. 160 பவுண்டு காட்டிட்டு, ராத்திரி முழுக்கத் தண்ணியும் சாப்பாடும் ஏத்திக்கிட்டு வரலாம். 2017 மார்ச்ல கோலோவ்கினோட மோதின ஜேக்கப்ஸ், பட்டம் தர்ற அமைப்புகள்ல ஒண்ணான ஐபிஎஃப் சண்டை அன்னைக்குக் காலையில வச்ச மறு எடைக்கே வரல. கோலோவ்கின் போய் நின்னாரு. 12 ரவுண்டு போய் ஜெயிச்சதுக்கு, "பார்த்தியா, நாக்-அவுட் பண்ண முடியல"ன்னு கிண்டல்!

அதே வருஷம் செப்டம்பர்ல, 35 வயசுல, மெக்சிகோ வீரர் கனெலோவோட கோலோவ்கின் மோதறாரு. ஒரு நடுவர் 118-110னு கனெலோவுக்கு எழுதறாங்க. டிரா! அந்த அட்டையை இன்னைக்கு நினைச்சாலும் ரத்தம் கொதிக்குது.

எதிர்க் கட்சியும் யோக்கியம் இல்லை. "கோலோவ்கின் 20 தடவை பட்டத்தைத் தக்க வச்சாரு, ஹாக்லர் 12 தடவைதான்"னு ஆரம்பிச்சுடறாங்க. அந்தக் கணக்குப்படி பார்த்தா ராபின்சன் கடைசி பெஞ்சு. பட்டத்தை அஞ்சு தடவை ஜெயிச்சிருக்கார்னா குறைஞ்சது நாலு தடவை கைவிட்டிருக்கார்னு அர்த்தம். போய் அவரைச் சின்னவர்னு சொல்லிப் பாருங்களேன்! 1920கள்ல மிடில்வெயிட் சாம்பியனா இருந்த ஹேரி கிரெப்போட சண்டை ஒண்ணுகூடப் படமா இல்லை. அந்த கிரெப் கோலோவ்கினை அடிச்சிருப்பாருன்னு சத்தியம் பண்ற ஆளும் இருக்காங்க.

கோலோவ்கினைக் குறை சொல்லணுமா, தாராளமா சொல்லுங்க. 2018ல நடந்த மறுமோதல்ல கனெலோ முன்னேறி வந்தப்போ பின்வாங்கிக்கிட்டே போனாரு, விலாவுல அடிக்கவே மறந்துட்டாரு. எதிர்ல கனெலோ மாதிரி ஆளு, அப்போ அடிக்காம எப்போ அடிக்கறது? அதைப் பேசுங்க, விடிய விடிய உக்காந்து பேசறேன்.