சமதரையில தடக்கின உருண்டை

எனக்கு ஒரு பதில் வேணும். மேடு இல்ல, பள்ளம் இல்ல, கல்லு இல்ல, குச்சி இல்ல. மெழுகின சீமெந்து மாதிரி ஒரு தரை. அதில போற உருண்டை எதில தடக்கும்? காலே இல்லாத சாமான் ஒண்டு கால் தடக்கி விழுந்ததை நேற்று என்ட ரெண்டு கண்ணாலயும் பார்த்தன்.

ஓம், அதே கேம்தான். எல்லாரும் ஆகா ஓகோ எண்டு தூக்கிப் பிடிக்கிற அந்த உருண்டை வீடியோ கேம். பேர் சொல்ல மாட்டன். சொன்னா இன்னும் நாலு பேர் வாங்குவீங்க, அந்தப் பாவம் எனக்கு வேணாம்.

விளையாடினவங்களுக்கு அந்த உலகம் தெரியும். நீங்க ஒரு உருண்டை. ஏன் உருண்டை, ஆர் உருட்டி விட்டது, எங்க போகணும், ஒண்டும் சொல்ல மாட்டாங்க. கடல் முழுக்கச் சட்டைப் பொத்தான். பல்லால கட்டின படிக்கட்டு. வானத்தில மேகத்துக்குப் பதிலாத் தலகாணி. ஒரு தடியன் குளியல் தொட்டிக்குள்ள இருந்துகொண்டு நீங்க போற பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பான், வாய் திறக்க மாட்டான். பொய் சொல்லல்ல, இதெல்லாம் எனக்குப் பிடிச்சது. முதல் அரை மணித்தியாலம் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தன். காய்ச்சல்ல கிடக்கக்க வாற கனவுக்கு ஒரு அழகு இருக்குதானே, அந்த அழகு.

ஆனா நினைச்ச இடத்தில சேவ் பண்ண ஏலாது, அதாவது அதுவரைக்கும் போனதைப் பதிஞ்சு வைக்க ஏலாது. கட்டில் ஒண்டைத் தேடிப் பிடிச்சு அதில ஏறிப் படுத்தாத்தான் சேவ். முதல் கட்டில் பொத்தான் கடற்கரையில. ரெண்டாவது அலுமாரி மலையின்ட உச்சியில. நடுவில ஒரு பாய் கூட இல்ல. முதல் கட்டில்ல இருந்து ரெண்டாவதுக்குக் கிட்டப் போக எனக்கு எடுத்தது ஒரு மணித்தியாலம் நாப்பது நிமிசம். அந்த நேரத்துக்குக் கல்லடியில இருந்து பஸ் ஏறி, ஏறாவூருக்குப் போய், சாமான் வாங்கி, திரும்பி வந்து தேத்தண்ணியும் குடிச்சு முடிச்சிரலாம்.

இதை ஆரிட்டச் சொல்றாங்க பாருங்க. 2025 பெப்ரவரி 9ல பாணந்துறையில ஒரு குரங்கு ட்ரான்ஸ்ஃபோமரில பட்டு இலங்கை முழுக்க கரண்ட் போனது. ஞாயிற்றுக்கிழமை, சோறு அடுப்பில கிடக்கக்க. அப்பிடியான நாட்டில பிளக்கை நம்பி விளையாடுற மனிசனிட்ட, மலை உச்சிக்குப் போய்ப் படு, அப்பதான் சேவ் எண்டு சொல்றதுக்கு எவ்வளவு கல் மனசு வேணும்? நான் குரங்கை மன்னிச்சிட்டன். அது தெரியாமச் செஞ்சது.

சரி, விசயத்துக்கு வாறன்.

நேற்றுப் பின்னேரம். வெளியில கச்சான் காத்து அனலா அடிக்குது. ஃபேன் அந்த அனலையே அள்ளி எனக்கு மேல கொட்டுது. கன்ட்ரோலர் வேர்வையில வழுக்குது. தேங்காய் துருவித் தரச் சொல்லி அம்மா ரெண்டு தரம் கூப்பிட்டா. ரெண்டு தரமும் "வாறன்" எண்டன். நான் எட்டாவது லாச்சியில நிண்டன்.

அந்த மலையில எட்டு லாச்சி. எல்லாம் தானாத் திறந்து தானா மூடும். மூடக்க உள்ளுக்க நிண்டா நசிஞ்சீங்க. ஆறாவதுக்குள்ள ஒரு பழைய கல்யாண அல்பம் விரிஞ்சு கிடக்கும். படத்தில இருக்கிற மாமிமார் எல்லாம் கையை வெளிய நீட்டி உங்களைத் தள்ளுவாங்க. ஏழாவதுக்குள்ள அலுமாரிக்குப் போடுற பூச்சி உருண்டை, நூறு நூறாக் குமிஞ்சு கிடக்கும். அதுக்குள்ள உங்கட உருண்டை எது எண்டு உங்களுக்கே தெரியாது. நான் அஞ்சு நிமிசம் வேற ஆரோட உருண்டையையோ பார்த்துக்கொண்டு ஜொய்ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டிருந்தன். அப்பயும் கோவம் வரல்ல. சிரிச்சன். அந்த அளவுக்கு நல்ல மனிசனாத்தான் நேற்று இருந்தன்.

எட்டையும் தாண்டினா அலுமாரியின்ட மேல்தட்டு. தட்டை. வெள்ளை. நேர். அந்தத் தொங்கலில கட்டில். நீல விரிப்பு, ஒரு தலகாணி, ஒரு மூலை மடிஞ்சு கிடந்தது கூட எனக்குத் தெரிஞ்சது. இருபது எட்டு வைச்சா தொடுற தூரம். இடது பக்கம் மட்டும் வெறும் விளிம்பு. நான் என்ன செஞ்சன்? சந்தோசத்தில ஜொய்ஸ்டிக்கை முன்னுக்கு அழுத்தினன். நேரான தரையில நேராப் போனன். ஐயா, நான் செஞ்ச குற்றம் அவ்வளவும்தான்.

டிக்.

ஆரோ நாக்குத் தட்டின மாதிரி ஒரு சத்தம். உருண்டை ஒரு சாண் மேல துள்ளினது. இடப்பக்கம் சாஞ்சு விளிம்பில போய் நிண்டது. நிண்டதெண்டா, உண்மையா நிண்டது. எனக்கு ஒரு மூச்சு விட நேரம் தந்தது. நான் ஜொய்ஸ்டிக்கை முறியிற அளவுக்கு வலப்பக்கம் இழுத்தன். கதிரையோட நானும் வலப்பக்கம் சாஞ்சன். நாக்கைக் கூட வலப்பக்கமாத்தான் கடிச்சன்.

போயிட்டு.

விழுந்த கையோட திரை இருண்டு, முதல்ல இருந்து தொடங்கு எண்டு வந்திருந்தா நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டன். இவங்க விழுறதை முழுசாக் காட்டுவாங்க. எட்டாவது லாச்சியின்ட கைப்பிடியில ஒரு இடி. ஏழாவது சரியா அந்த நேரத்தில திறந்து, என்னை உள்ளுக்க எடுத்து, பூச்சி உருண்டைகளோட ஒரு சுத்துச் சுத்தி, வெளிய துப்பினது. ஆறாவதில மாமிமார் கை நீட்டிக்கொண்டுதான் இருந்தாங்க. ஏறக்க தள்ளினவங்க, இப்ப ஒருத்தியாவது பிடிச்சிருக்கலாம். பந்து எறிஞ்சு விளையாடுற மாதிரி கை மாத்திக் கை மாத்திக் கீழ விட்டாங்க. அஞ்சு, நாலு, மூண்டு. பல்லுப் படிக்கட்டில டக டக டக எண்டு ஒவ்வொரு பல்லிலயும். கடைசிப் பல்லு ஆடுற பல்லு, அதில மட்டும் கொஞ்சம் மெதுவாப் போனது. குளியல் தொட்டித் தடியன் கழுத்தைத் திருப்பினான். நான் அவனைக் கடந்து போறன், அவன் பார்க்கிறான், நான் போறன், அவன் பார்க்கிறான். பிறகு பொத்தான் கடல். ஒரு 'சளக்'. மொத்தம் மூண்டு நிமிசம் அம்பத்தி ரெண்டு செக்கன். எண்ணினன். வேற வேலை என்ன இருந்தது எனக்கு?

இது நடக்கிற நேரம் முழுக்கப் பின்னணியில மெல்லிசா ஒரு பியானோ. செத்த வீட்டில ஐஸ்கிறீம் விக்கிற மாதிரி. கரையில ஒதுங்கினதும், தொடங்கிய இடமே வீடு எண்டு அர்த்தம் வாற ஒரு வசனம் மெதுவாத் தெரிஞ்சு மெதுவா மறைஞ்சது. எனக்கு வீடு இருக்கு தம்பி. அங்க தேங்காய் துருவ ஆள் இல்லாமக் கிடக்கு.

பதிவாகிக் கிடந்த வீடியோவை ஒவ்வொரு படமா நகர்த்தி நாலு தரம் பார்த்தன். தரையில ஒண்டுமில்ல. ஆனா என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியும், கொஞ்சம் ப்ரோகிராமிங் படிச்சவன் நான். கேமில நீங்க பார்க்கிற தரை ஒரே தரை இல்ல. முக்கோண முக்கோணமா ஒட்டினது. கணக்குப் போடுற பகுதி ஒவ்வொரு முக்கோணத்தையும் தனித்தனியாத்தான் பார்க்கும். உருண்டை தன்ட பாரத்தில ஒரு மயிரிழை தரைக்குள்ள அமிழ்ந்து போகும். அப்பிடிப் போய் அடுத்த முக்கோணத்தின்ட விளிம்பைத் தொட்டா, அது ஒரு குட்டிச் சுவர் எண்டு நினைச்சு எத்தி விடும். இல்லாத சுவரில மோதல். இதுக்குப் பேரே கோஸ்ட் கொலிஷன், பேய் மோதல். வேகமாப் போனா எத்தும் பலமா இருக்கும். உருண்டை கேம் செய்யிறவங்களுக்கு இது புது வியாதி இல்ல, மருந்தும் இருக்கு. விளிம்புகளைக் கண்டுபிடிச்சு, இது சுவர் இல்ல, சும்மா போ எண்டு சொல்லி விடலாம். தடியன்ட கழுத்து திரும்புறதுக்குச் செலவழிச்ச நேரத்தில கால்வாசியை அந்தத் தட்டுக்குச் செலவழிச்சிருந்தா, நான் இப்ப நீல விரிப்பில படுத்திருப்பன்.

உருட்டுறது எண்டா எனக்கு உயிர், அதாலதான் இவ்வளவு எரியுது. 1984ல அட்டாரி கொம்பனி விட்ட மார்பிள் மேட்னஸ் எண்ட உருண்டை உருட்டுற கேம், மார்க் செர்னி செஞ்சது. பிற்காலத்தில பிளேஸ்டேஷன் நாலையும் அஞ்சையும் வடிவமைச்ச அதே மனிசன். மொத்தமே ஆறு ஓட்டம்தான். அதில நூறு தரம் விழுந்திருப்பன், நூறும் என்ட பிழை. 2004ல வந்த கட்டமாரி டமாசி, சிற்பம் படிச்ச கெய்ட்டா தகஹாஷி எண்டவர்ட யோசனை. ஊசியில இருந்து மாடு வரைக்கும் உருண்டையில ஒட்டும். அதை விட விசர் உலகம் வேணுமா? ஆனா அங்க ஒண்டு இடிச்சா, என்ன இடிச்சதெண்டு கண்ணுக்குத் தெரியும். விசர்த்தனத்துக்கும் ஒரு நேர்மை இருந்தது.

சின்னனில கல்லடிப் பழைய பாலத்தால சைக்கிள் டயர் உருட்டிக்கொண்டு ஓடியிருக்கிறன். 1924ல கட்டின பாலம். பொருத்து வாற இடத்தில டயர் டக் எண்டு துள்ளும். ஆனா பொருத்து அங்க கிடக்கிறது தெரியும். தெரிஞ்சு ஒரு தட்டு மெல்லத் தட்டினாச் சரி. நூறு வருசம் பழைய இரும்பு சொன்ன உண்மையை இந்தக் கனவு உலகம் சொல்லல்ல.

ஆரையம்பதி மச்சானுக்குப் போன் எடுத்தன். அவன்தான் இதை என்ட தலையில கட்டினது. கேட்டிட்டு ஒரு கொட்டாவி விட்டான். "அதில மெல்லப் போகணும் மச்சான். நான் மெல்லத்தான் போனன், ஒண்டும் நடக்கல்ல. விழுறதுதானே கேமே." மெல்லப் போகணுமாம். இவன் மோட்டச்சைக்கிள்ல போறதைப் பார்த்த ஆரும் இந்த வசனத்தைக் கேட்டா மயங்கி விழுவாங்க.

ரிவியூ எழுதினவங்களும் அதே கூட்டம். விழுறது தியானமாம், இழக்கப் பழகணுமாம். 2017ல ஒருத்தர் சட்டிக்குள்ள இருந்து சுத்தியலால மலையேறுற கேம் ஒண்டு செஞ்சு, நாம விழ விழத் தத்துவம் சொன்னார். அது அவர்ட பகிடி, அந்தச் சுத்தியலும் கணக்காத்தான் வேலை செஞ்சது. இப்ப எவனுக்கு எந்தப் பிழை வந்தாலும் அதுக்குத் தத்துவம் எண்டு பேர் வைக்கிறது பழக்கமாப் போயிட்டு. சோத்துக்க கல் கிடந்தா, பல்லுக்குத் தியானம் எண்டு சொல்லுவாங்களாக்கும்.

காசைத் திருப்பிக் கேட்டன். வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணித்தியாலத்துக்குக் குறைய விளையாடியிருக்கணுமாம். நான் விளையாடினது ரெண்டு மணித்தியாலம் பதினேழு நிமிசம். அதில நாப்பது நிமிசம், மத்தியானம் அம்மா மீன் வாங்க அனுப்பினதால உருண்டை சும்மா நிண்ட நேரம். உருளாத உருண்டைக்கும் கணக்கு ஓடியிருக்கு.

அப்பதான் அம்மா அறைக்குள்ள வந்தா. திரையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. "உருண்டை உருட்டவா டொலர் குடுத்த மகன்? குசினிக்க ரெண்டு தேங்காய் கிடக்கு. வா, வந்து உருட்டு." எனக்குச் சிரிப்பு வந்திட்டு. வரக் கூடாது எண்டு பல்லைக் கடிச்சும் வந்திட்டு. எழும்பிப் போய்த் துருவினன். ஒரு தேங்காய் கையால நழுவி உருண்டு, மேசைக்குக் கீழ போய் நிண்டது. ஒரு இடத்திலயும் தடக்கல்ல.

துருவிக்கொண்டிருக்கக்க பாண் ஓட்டோ வந்தது. பாண் ஓட்டோக்கள் வழமையாப் போடுற அந்த பீதோவன் பியானோ மெட்டு. ரெண்டு பியானோ ஒரே நாளில. காசைப் பொத்திக்கொண்டு ஓடினன். ஒழுங்கையில, புதுசாப் போட்ட கொங்கிறீட்டில, ஒண்டுமில்லாத இடத்தில தடக்கிச் செருப்பு வார் அறுந்திட்டு. திரும்பிப் பார்த்தன். ஒண்டுமில்ல.

அதை விடுங்க. இந்தப் பாண்காரர் எங்கட ஒழுங்கைக்குள்ள வந்தா மட்டும் ஏன் பறக்கிறார்? முன்வீட்டுக் கேற்றடியில நிக்கிறார், கிணத்தடி வீட்டில நிக்கிறார், நாய் மட்டும் நிக்கிற காணிக்கு முன்னால கூட நிக்கிறார். எங்கட கேற்றைக் கண்டதும் முறுக்குறார். ஒத்தைச் செருப்போட சந்தி வரைக்கும் ஓடிப் பிடிச்சா, மீன் பணிஸ் இப்பதான் முடிஞ்சதாம் தம்பி, சீனிச்சம்பல் பணிஸ் தரட்டாவாம்.