ரெண்டே நிமிஷச் சோலி

"தம்பி, சும்மாதானடே இருக்க? ரெண்டே நிமிஷச் சோலி, டவுன் வரைக்கும் போயிட்டு வந்துருவோம்."

சும்மாதான் இருந்தேனாம்! கிடைத்ததே ஒரு லீவு சனிக்கிழமை. ஏழு மணிக்கே எழுந்து, தாளில் நாலு கட்டம் போட்டு, அவசரமானது எது, முக்கியமானது எது என்று பிரித்து எழுதிக்கொண்டிருந்தேன். (முக்கியத்தில் மதியத் தூக்கமும் இருந்தது, சிரிக்காதீர்கள்.) அவசரம் வேறு முக்கியம் வேறு என்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1954ல் பேசியதிலிருந்து பிறந்த கட்டம் இது. ஹிட்லரைச் சமாளித்த மனுசன்தான், ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சியைச் சமாளித்திருப்பாரா?

பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினோம். வண்ணார்பேட்டையில் டீ, அது கணக்கில் சேராதாம். அப்புறம் தாமிரபரணி ஆற்றுப்பாலம். படகுக்குக் காத்துக் கிடந்த சனங்களுக்காக சுலோச்சன முதலியார் கைக்காசைப் போட்டு 1843ல் கட்டிக் கொடுத்த பாலம். அதன் நட்டநடுவில் "நிறுத்துடே" என்கிறார் அண்ணாச்சி. எதிரே யாரோ தெரிந்தவர். 1992 வெள்ளம் பெருசா, 2023 டிசம்பர் வெள்ளம் பெருசா என்று ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி 92 கட்சி, அவர் 23 கட்சி. ஆற்றுக்குள்ளேயே கோயில் கொண்ட குறுக்குத்துறை முருகன் எந்த வருஷம் அதிகம் முங்கினார் என்பதில் கை நீட்டல், குரல் உயர்த்தல், பழைய சாட்சிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் விசாரணை. பின்னால் வந்த பஸ் டிரைவர் எல்லாம் என்னைத்தான் திட்டிவிட்டுப் போனார்கள், வண்டி என்னுடையதாச்சே. அந்த வெள்ளம் வடிய முக்கால் மணி நேரம் ஆனது.

டவுனில் என்ன சோலி? சென்னைச் சம்பந்திக்கு அரை கிலோ அல்வா. அதை வாங்க ரெண்டே நிமிஷம்தான் ஆனது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாசலில் நின்று ருசி பார்க்க, ரதவீதியில் ஒரு சொந்தக்காரரை நலம் விசாரிக்க, வெயில் தாழட்டும் என்று ஒரு சர்பத் குடிக்க, ஒன்றரை மணி நேரமாகிவிட்டது.

வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னார் பாருங்கள்: "லீவு நாளை இப்படி ஊர் சுத்தியே கழிக்காதடே தம்பி. நேரம் போனா வராது."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அல்வா தின்ற கையைத் துடைக்க என் சட்டைப்பையிலிருந்து அவர் உருவிய தாள் வேறு அந்த நாலு கட்டத் தாள்தான். அவசரம், முக்கியம் என்று பேதம் பார்க்காமல் நெய் நாலு கட்டத்திலும் இறங்கியிருக்கிறது. அதை அப்படியே திரும்பச் சொருகியதில் சட்டையும் போச்சு. துவைக்கலாம் என்று புதுச் சோப்பைப் பிரித்தால், விலை அதேதான், சோப்பு மட்டும் முன்னைவிடச் சின்னது. ஏன் அய்யா, பத்து ரூபாய்ச் சோப்பு கடை அலமாரியில் இருக்கும்போதே தேய்ந்துவிடுகிறதா என்ன?